பதினொரு வெட்டு

அன்றைக்கு ரஸ்ஸின் துப்பாக்கிக் கடையில் இருந்தவர்கள் மூன்று பேர். கடைக்காரர் ரஸ், பழைய துப்பாக்கிகளுக்கு மதிப்புப் போடும் ஆர்லோ, ஒரு ரிவால்வரைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்த லோரீன். அடுப்பருகே படுத்திருந்த ரஸ்ஸின் நாயையும் சேர்த்தால் நான்கு.

நாயைச் சேர்க்காமல் ஆர்லோ எந்த இடத்திலும் எண்ணியதில்லை.

"அப்பாவோடது. வித்துடணும்," என்றார் லோரீன்.

ஆர்லோ துண்டைப் பிரித்தார். பார்த்ததுமே கை பின்வாங்கியது. மரக் கைப்பிடியில் வரிசையாகப் பதினொரு வெட்டு. அதில் ஒன்பதாவது வெட்டு, அவருடைய நாய் பட்டன்.

மான்டானாவில் ஆட்டு மந்தையை நம்பிப் பிழைக்கும் ஊர் அது. ஆட்டைக் கடித்த நாயைச் சுட்டுவிட வேண்டும். சொந்தக்காரருக்கு மனசு வராவிட்டால் லோரீனின் அப்பா, துணை ஷெரீப் கிளைட் வந்து கூட்டிப் போவார். மறுநாள் வந்து, கைப்பிடியில் புதிதாக விழுந்த வெட்டைக் காட்டுவார். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

ஒன்பது வயதில் பட்டனின் கயிற்றை ஆர்லோதான் அவர் கையில் கொடுத்தார். ஒரு காது மட்டும் வெள்ளையாக இருக்கும் நாய். வண்டியின் பின்னாலிருந்து இவரையே பார்த்துக்கொண்டு போனது.

அறுபத்திரண்டு வருஷமாயிற்று. கிளைட் இருந்தவரை ஆர்லோ அவரிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை. அவர் சாவுக்கும் போகவில்லை.

"பதினொரு வெட்டா!" ரஸ் எட்டிப் பார்த்தார். "பெரியவரே, பதினொரு கொள்ளைக்காரனைச் சுட்டதுன்னு எழுதிக் கொடுங்க. மூணு மடங்கு விலைக்குப் போகும்."

"நாய்ங்க," என்றார் ஆர்லோ.

"அது நமக்குத் தெரியும். வாங்கறவனுக்கு எதுக்குத் தெரியணும்?"

"வேணாம் ரஸ், பொய் சொல்லி விக்க வேணாம்," என்றார் லோரீன். "நாயைக் கொன்ன துப்பாக்கி வீட்டுல இருக்கக் கூடாதுன்னு என் மக சொல்லிட்டா. எனக்கும் அதைப் பார்த்தா அப்பா மேல கோபம்தான் வருது. கிடைக்கிறதைக் கொடுங்க, போதும்."

ஆர்லோ பென்சிலை எடுத்தார். 'கைப்பிடி பாழ்' என்று முதல் வரி எழுதினார். எழுதும்போது உள்ளுக்குள் ஒரு திருப்தி. 'குழல் தேய்ந்தது' என்று அடுத்த வரியைப் பார்க்காமலே எழுதிவிடலாம். யார் கேட்கப்போகிறார்கள்?

ஆனால் நாற்பது வருஷத்தில் பார்க்காமல் ஒரு வரி எழுதியவரில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு குழலுக்குள் விளக்கடித்தார்.

உள்ளே பளபளவென்று இருந்தது.

குண்டு போடும் உருளையைத் திருப்பி அதன் முகப்பைப் பார்த்தார். சுட்ட துப்பாக்கியில் ஒவ்வொரு துளையைச் சுற்றியும் கரி வளையம் விழும். எவ்வளவு தேய்த்தாலும் முழுசாகப் போகாது. இதில், விற்பனைக்கு முன் ஆலையில் சுட்டுச் சோதித்ததன் லேசான நிழல் மட்டும்தான் இருந்தது.

"என்ன பெரியவரே, தூங்கிட்டீங்களா?" என்றார் ரஸ்.

ஆர்லோ லோரீனைப் பார்த்தார். "உங்கப்பா வேற துப்பாக்கி வெச்சிருந்தாரா?"

"இல்லையே. இது ஒண்ணுதான்."

"நாய்ங்களை எங்க கொண்டு போவாரு?"

"ஆத்துக்கு அந்தப் பக்கம். சித்தப்பாவோட மாட்டுப் பண்ணை இருந்தது. அங்க ஆட்டு வாசனையே கிடையாது. சின்னப் பிள்ளையில நானும் வண்டியில தொத்திக்குவேன். பாதி வழியில தூங்கிடுவேன். எங்க நிறுத்தினாரு, எப்ப சுட்டாரு, ஒண்ணும் தெரியாது. முழிச்சா பண்ணை வந்திருக்கும்."

சொல்லும்போதே லோரீன் முகத்தில் சிரிப்பு வந்தது.

"அங்க ஒரே நாய்க் கூட்டம்! வண்டி நின்னதும் அப்பா மேல பாய்ஞ்சு மூஞ்சியெல்லாம் நக்கும். சித்தப்பாவுக்கு நாய்ப் பைத்தியம்னு அம்மா திட்டுவாங்க. குளிர் காலத்துல ஒண்ணு என் கால் மேலயே படுத்துக்கும், எழுந்திருக்கவே விடாது. அதுக்கு ஒரு காது மட்டும் வெள்ளை."

ஆர்லோ பென்சிலைக் கீழே வைத்தார். அது உருண்டு தரையில் விழுந்தது. எடுக்கவில்லை.

"குண்டு ஏதாவது மிச்சம் இருக்கா?"

லோரீன் பையிலிருந்து ஓர் அட்டைப் பெட்டியை எடுத்து வைத்தார். "ரிவால்வர் வாங்கின அன்னிக்கே வாங்கினது. ரசீதுகூட உள்ள இருக்கு. அதுக்கப்புறம் வேற பெட்டியே வாங்கலை. கிளைட் மாதிரி கஞ்சன் உண்டான்னு கூட வேலை பார்த்தவங்க கேலி பண்ணுவாங்களாம்."

"பெட்டிக்கு ஐம்பது," என்றார் ரஸ். "பதினொண்ணு போனா முப்பத்தொன்பது இருக்கணும். எண்ணுங்க பெரியவரே, உங்களுக்குத்தான் எண்ணாம சோறு இறங்காதே."

ஆர்லோ மூடியைத் திறந்தார். ஒவ்வொன்றின் தலையிலும் விரல் வைத்து, உதடு அசைய எண்ணினார். முடித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணையும் துடைத்தார். மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

"எத்தனை இருக்கு ஆர்லோ?" என்றார் லோரீன்.

"ஐம்பது."