மலைக்கு அந்தப் பக்கத்து முகம்

"நூற்றிருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஸ்டேஷன் டிவியில வரணும். எந்த அன்டெனா போடலாம்?"

கேட்டவர் ஊருக்குப் புதிது. கடைத்தெருக் கோடியில் பூட்டு ரிப்பேர் செய்ய உட்கார்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது. அன்டெனாக் கடைக்காரர் துடைத்துக்கொண்டிருந்த கம்பியைக் கீழே வைத்தார்.

"எந்த ஸ்டேஷன்?"

"மலைக்கு அந்தப் பக்கம் இருக்கே, அது."

   கடைக்காரர் வட்டமான சின்ன அன்டெனா ஒன்றை எடுத்து நீட்டினார்.

"இதை வெச்சுக்குங்க. நாலு பக்கமும் பிடிக்கும். உள்ளூர் ஸ்டேஷன் எல்லாம் பளிச்சுனு தெரியும்."

"நாலு பக்கமும் பிடிக்கிறது எட்டத்துல பிடிக்காதுண்ணே. எனக்கு ஒரே பக்கம் போதும்." பூட்டுக்காரரின் விரல் மூலையில் சாய்ந்திருந்த நீளமானதைக் காட்டியது. "இருபது கம்பி வெச்சிருக்கே, அது. பூஸ்டரும் சேர்த்து."

"நடுவுல மலை இருக்கு. மலையைத் துளைக்கிற அன்டெனா இன்னும் யாரும் செய்யல."

"கம்பத்தை உசத்திப் போடுவோம்."

ஆள் எல்லாம் விசாரித்துக்கொண்டுதான் வந்திருக்கிறார். கடைக்காரர் கீழே வைத்த கம்பியை மறுபடி எடுத்துத் துடைத்தார்.

"அப்படி என்ன அந்த ஸ்டேஷன்ல?"

பூட்டுக்காரர் தெருவைப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு நிகழ்ச்சி. ஒரு முகம் வருதான்னு பார்க்கணும்."

அதற்கு மேல் சொல்லாமல், விலாசம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் தலை மறைந்ததும் கடைக்காரரின் மனைவி உள்ளேயிருந்து வந்தாள். ஒட்டுக் கேட்பதை அவள் ஒருநாளும் ஒளித்துச் செய்ததில்லை.

"அது என்ன நிகழ்ச்சின்னு தெரியுமா? போலீஸ் தேடுற ஆளுங்க போட்டோவைக் காட்டுவாங்களாம். என் சித்தி மக அந்தப் பக்கம்தானே இருக்கா, சொல்லியிருக்கா."

"காட்டட்டும்."

"போன மாசம் அங்கே பேங்க் லாக்கரை உடைச்சிருக்காங்க. இந்த மாசம் இங்கே ஒருத்தன் பூட்டுக் கடை போடுறான். தன் மூஞ்சி வருதான்னு பார்க்க இருபது கம்பி கேக்குறான். இன்னும் என்ன, நெத்தியில எழுதி ஒட்டிக்கிட்டு வரணுமா?"

"நீ சும்மா இரு."

"உங்களுக்கு ஏங்க இப்படி வேர்க்குது? அவனைப் பார்த்துப் பயமா இருந்தா, போலீசுக்கு நானே போய்ச் சொல்றேன்."

"வேண்டாம்!"

கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் அந்தக் குரலை அவள் கேட்டதில்லை. கடைக்காரரே அதைக் கேட்டுத் திடுக்கிட்டவர் மாதிரி நின்றார்.

"நான் போய் மாட்டிட்டு வரேன். ஆள் எப்படின்னு பார்த்துட்டு வரேன். அப்புறம் யோசிப்போம்" என்றார் தணிந்து.

வெள்ளிக்கிழமை ஐந்தரை மணி. பூட்டுக்காரர் வீடு ஒற்றை அறை. சுவர் ஆணியில் சாவிக்கொத்துகள். பாயைச் சுருட்டி வைத்த இடத்துக்கு எதிரே ஒரு டிவி. ஒட்டியிருந்த விலைச்சீட்டைக்கூட இன்னும் கிழிக்கவில்லை.

"ஆறு மணிக்குள்ள முடிஞ்சிடுமாண்ணே?"

"பார்ப்போம்."

"யார் முகம்னு நீங்க கேக்கவே இல்லையே."

கடைக்காரர் பையைத் திறந்து நட்டுகளை எடுத்தார். பூட்டுக்காரரே சொன்னார்.

"என் பொண்ணுண்ணே. டிவியில வேலைக்குப் போறேன்னா. போனா என் வாசப்படி மிதிக்காதேன்னேன். மிதிக்கவே இல்ல, ரெண்டு வருஷமாச்சு. அவ இல்லாத வீட்டுல இருக்க முடியாம நானும் ஊர் மாறிட்டேன். இன்னிலேர்ந்து அந்த நிகழ்ச்சியில அவதான் பேசுறாளாம். நேர்ல போய் நிக்க எனக்கு முகம் இல்ல. இங்கேயிருந்தாவது பார்த்துடறேன்."

லாக்கர் உடைத்த திருடன், கடைக்காரரின் கண்ணெதிரே ஒரு அப்பாவாக மாறிப்போனார். கடைக்காரர் கம்பத்தைத் தூக்கிக்கொண்டு மாடிப்படிப் பக்கம் நடந்தார்.

"நானும் மேலே வரட்டுமாண்ணே?"

"மாடியில நான் தனியாத்தான் வேலை செய்வேன். நீங்க டிவி முன்னால நின்னு குரல் கொடுங்க."

கம்பம் நின்றது. அன்டெனா ஏறியது. வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்த பூட்டுக்காரர் பொறுமையில்லாமல் கத்தினார். "அந்தப் பக்கம் இல்லண்ணே, மலைப்பக்கம்! மலைப்பக்கம் திருப்புங்க!"

வேறு வழியில்லை. கடைக்காரர் திருப்பினார்.

"வருதா?"

"புள்ளிதான்! இன்னும் கொஞ்சம்... சத்தம் வருது! இன்னும்... அண்ணே! வந்துட்டா! என் பொண்ணு! அசைக்காதீங்க, அப்படியே விடுங்க!"

மலையைத் தாண்டி ஒரு இளம்பெண்ணின் குரல் மாடிவரை வந்தது. 'முதலாவதாக...' என்று ஆரம்பித்தது.

கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு கம்பத்தை ஒரு விரற்கடை நகர்த்தினார்.

"ஐயோ, போச்சு!"

நட்டுகளை ஒவ்வொன்றாக இறுக்கிவிட்டு அவர் இறங்கி வந்தார். "மலை மறைக்குது. ஒரு நிமிஷம் வரும், போயிடும். நிக்காது."

பூட்டுக்காரர் புள்ளிகள் பறக்கும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மெலிஞ்சு போயிட்டாண்ணே." பிறகு திரும்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அரை நிமிஷமாவது காட்டினீங்க. பெரிய மனசு உங்களுக்கு."

கடைக்குத் திரும்பியதும் மனைவி கேட்டாள்: "என்னாச்சு? திருடன்தானே?"

"இல்ல. பாவம், பொண்ணைப் பார்க்க ஆசைப்படுற அப்பா."

"அட, அப்போ நல்லாத் தெரியிற மாதிரி வெச்சுக் கொடுத்திருக்கலாமே!"

"மலை விடல" என்றார் கடைக்காரர்.

பதினோரு வருடங்களாக அந்த ஊர் மாடிகளில் அவர் கையால் மாட்டிய அன்டெனாக்களில் ஒன்றுகூட மலைப்பக்கம் பார்க்காது. வெள்ளிதோறும் அந்த நிகழ்ச்சியில் இரண்டாவதாகக் காட்டப்படும் பழைய படம் அவருடையது.