புகைப்பழக்கம்: இல்லை

மார்பைச் சிறிதாக்கும் ஆபரேஷன் சர்க்கரைக்காக ஒருமுறை, எடைக்காக ஒருமுறை தள்ளிப்போயிருந்தது. இப்போது இரண்டும் குறைந்துவிட்டன. மடியில் தட்டை வைத்துக் குனிந்து இருபது வருஷமாகப் பீடி சுற்றும் பேச்சித்தாயின் தோள்களில், உள்ளாடைப் பட்டி விரல் நுழையும் அளவுக்குப் பள்ளம் பறித்திருந்தது.

நர்ஸ் படிவத்தை நிரப்பிக்கொண்டே வந்தாள்.

"புகைப்பழக்கம்... பொம்பளயாள்ட்ட இத வேற கேக்கணுமாக்கும்!" என்று சிரித்தபடி 'இல்லை'யில் டிக் அடித்தாள். பக்கத்தில் நின்ற கணவனும் சிரித்தான்.

புகைத்தால் தையல் ஆறாது, தோல் கறுத்துச் செத்துப்போகும் என்று டாக்டர் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லியிருந்தார்.

பேச்சித்தாய் பட்டியைப் பள்ளத்திலிருந்து தூக்கி நகர்த்தினாள். அது மறுபடி அங்கேயே போய் விழுந்தது.

"சிஸ்டர், அதையும் கேட்டுருங்க" என்றாள்.