தட்டக்கூடாத கதவு

மேடையில் யாரோ கதவைத் தட்டினார்கள்.

பார்கவி சட்டென்று திரும்பிப் பார்த்தாள். நாடகத்தை எழுதிய மனுஷி பக்கத்துக் கதிரையில் அல்லவா உட்கார்ந்திருக்கிறார்! அவர் எழுதியதில் அந்தக் கதவை யாருமே தட்டுவதில்லை.

எனிட் ஹார்க்கருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. இங்கிலாந்திலிருந்து மெல்பேர்னுக்கு ஓர் இலக்கிய விழாவுக்காக வந்தவர், தன் நாடகத்தைத் தமிழில் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் டாக்சி பிடித்து ரோவில் புறநகரிலிருந்த மண்டபத்துக்கே வந்து இறங்கிவிட்டார்.

மீன்பிடிக்கப் போய்க் கடலோடு போன மகனுக்காக, ஒரு தாய் சாப்பாட்டை மூடிவைத்துக் காத்திருக்கும் கதை. அதே தாயை எனிட் முதலில் வரலாற்று நூலில் எழுதினார். பிறகு நாவலில். பிறகு நாடகத்தில். மூன்றிலும் மகன் வரவில்லை. நடந்ததை மாற்ற எனக்கு உரிமையில்லை என்று பேட்டிக்குப் பேட்டி சொல்லும் பிடிவாதக்காரி.

ஒரு வசனத்தையும் மாற்றக்கூடாது என்றுதான் பார்கவிக்கு மொழிபெயர்க்க அனுமதி தந்தார். அவள் மாற்றவும் இல்லை.

மாற்றியது நாடகக் குழுவை நடத்தும் வரதராஜா அண்ணை. ஒத்திகையில் ஒரே பிடியாய் நின்றார்.

“பிள்ளை வராமல் முடிச்சால் எங்கட சனத்தால எழும்பி வீட்டை போகேலாது, தங்கச்சி. பிள்ளையைத் தொலைச்ச எத்தினை தாய்மார் வந்து இருக்கப் போகினம். ஒருக்கா வரட்டுமன்.”

பார்கவி சண்டை பிடித்தாள், தோற்றாள். இந்த அம்மா வந்து குந்துவார் என்று யார் கண்டது?

இவ்வளவு நேரமும் வசனங்களை எனிட்டின் காதில் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள்.

கதவு திறந்தது. மகனாக நடிக்கும் லக்சன் ஈரச் சட்டையோடு உள்ளே வந்தான். தாயைப் பார்த்தான். ஒரே ஒரு வசனம்தான் சொன்னான். மண்டபம் முழுக்க மூக்கை உறிஞ்சும் சத்தம்.

போச்சு. அனுமதி போச்சு. வீட்டு மேசையில் பாதி மொழிபெயர்த்துக் கிடக்கும் அவருடைய நாவலும் போச்சு. இரண்டு வருட உழைப்பு, ஐயோ!

எனிட் அவள் கையை இறுக்கிப் பிடித்தார். கோபம்தான் என்று பார்கவி நினைத்தாள்.

“என்ன சொன்னான்?” என்று கேட்டார்.

வேறு எதையாவது சொல்லிச் சமாளிக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். மனம் வரவில்லை.

“பசிக்குது அம்மா, சாப்பிட என்ன இருக்கு என்று கேட்கிறான்.”

எனிட் மேடையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அங்கே தாய் மூடியைத் திறந்து பரிமாறத் தொடங்கியிருந்தாள்.

“ஆமாம்,” என்றார் மெல்ல. “என் அண்ணன் வாசலில் நின்றே அதைத்தான் கேட்பான்.”