கடகடக்கும் டிரம்

"அந்த ஆளு பிளக்கைப் பிடுங்கியிருப்பான். எழுதி வெச்சுக்கோ!"

இடுப்பெலும்பு முறிந்து இருபத்தைந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்த லவோன், என் காரில் ஏறியதும் பேசிய முதல் பேச்சு இது. அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் ஊரில், அழகுக் கல் சேகரிப்பவர்கள் சங்கத்தில் அவளுக்கு நான் ஒருத்திதான் சிநேகிதி. காரணம், அவள் வாய்.

அந்த ஆள், பக்கத்து வீட்டு மெல்வின். லவோனின் கார் ஷெட்டில் கல்லுக்கு மெருகேற்ற இரவு பகலாகச் சுற்றும் மின்சார டிரம்முக்கும் அவன் படுக்கையறைக்கும் நடுவில் பத்தடிதான். நகராட்சிக்கு இதுவரை மூன்று புகார் எழுதியிருக்கிறான்.

டிரம்முக்குள் அவள் கரையில் பொறுக்கிய, வரி வரியான அகேட் கற்கள், தண்ணீர், அரைக்கும் பொடி. முதல் வாரம் கரடுப் பொடி, அடுத்தது நடுத்தரம், அப்புறம் நைஸ், கடைசியில் பாலிஷ். ஒவ்வொரு முறையும் கழுவிவிட்டு மாற்ற வேண்டும். பொடிப் பாக்கெட்டுகளில் வரிசை நம்பரும் சுவர்க் காலண்டரில் மாற்றும் தேதியும் குறித்து வைத்திருப்பாள். இந்த முறை டிரம்மைச் சுற்றவிட்ட அன்றே வழுக்கி விழுந்தாள்.

"நின்னா உள்ளே இருக்கிற சேறு சிமெண்ட்டா இறுகிடும். சனிக்கிழமை கல் கண்காட்சி. போச்சு, எல்லாம் போச்சு!"

"சொல்லியிருந்தா நான் பார்த்திருப்பேன்ல?"

"நீயா? உன் கல்லையெல்லாம் பார்த்திருக்கேன்டி."

வண்டியை அவள் வீட்டுத் தெருவுக்குள் திருப்பினேன்.

"எட்டு வருஷமா ரெண்டாம் பரிசு! கல்லுல மயிரிழைக் கீறல் இருக்குன்னு நடுவர் உதட்டைப் பிதுக்குவாரு. எங்கேருந்துதான் வருதோ! டிரம்மை அந்தத் தேய் தேய்ச்சுக் கழுவுறேன்."

எங்கள் ஊரில் ஷெட்டை யாரும் பூட்டுவதில்லை. கதவைத் திறந்தால் கடகட சத்தம். டிரம் சுற்றிக்கொண்டிருந்தது!

"நிறுத்து! மூடியைத் திற!" என்று ஊன்றுகோலை ஆட்டினாள் லவோன்.

உள்ளே வெள்ளை வெளேரென்று பாலிஷ் நுரை. ஒரு கல்லைக் கழுவிக் கொடுத்தேன். சிவப்பு வரிகள் பளபளத்தன. லென்ஸ் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நீயா செஞ்சே?"

"சத்தியமா நான் இல்லை."

"அதானே பார்த்தேன்."

அதற்குள் வாசலில் மெல்வின். வீட்டுச் செருப்பு, கடுகடு முகம்.

"வந்துட்டியா? இந்த இழவு சத்தத்துல இருபத்தஞ்சு நாளா எனக்குப் பொட்டுத் தூக்கமில்லை. நாளைக்கே நாலாவது புகார் எழுதறேன்!"

"எழுதுய்யா, நல்லா எழுது! ஒருத்தி ஆஸ்பத்திரியில கிடந்தாளே, செத்தாளா பொழைச்சாளான்னு கேட்டியா? உன் நெஞ்சை டிரம்முல போட்டு ஒரு வருஷம் உருட்டினாலும் பளபளக்காது!"

மெல்வின் தன் வீட்டைப் பார்த்து நடந்தான். பாதி வழியில் நின்று திரும்பினான்.

"டிரம்மைத் தேய்ச்சா மட்டும் போதுமா? மூடியோட விளிம்பை யாரு கழுவுறது? எட்டு வருஷத்துக் கரடுப் பொடியும் அங்கதான் ஒட்டிக்கிட்டிருந்துது. சுரண்டிச் சுரண்டி என் நகமே தேஞ்சு போச்சு!"