சுடாத விமானம்

சிலிண்டர்காரன் வாசலில் நின்று இரும்பைத் தட்டினான்.

உண்ணாமலை காதில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றிச் சோபாவில் வைத்தாள். கையிலிருந்த கன்ட்ரோலரையும் வைத்தாள். ஓட்டிக்கொண்டிருந்த சண்டை விமானத்தை ஆகாயத்திலேயே விட்டுவிட்டு எழுந்தாள்.

“தோ வந்துட்றேன். அதைத் தொடாதீங்க” என்று புருஷனிடம் சொல்லிவிட்டு ஓடினாள்.

தொடாதே என்று சொன்னால் மண்ணாங்கட்டிக்குக் கை அரிக்கும். கீழ்பென்னாத்தூர் மண்டியில் காலமெல்லாம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, வாங்கி விற்ற ஆள். மேலே கிடப்பதைப் பார்த்து ஒரு மூட்டைக்கும் விலை சொன்னது கிடையாது. முழங்கை வரைக்கும் உள்ளே விட்டு அடியில் இருப்பதை அள்ளிப் பார்ப்பார். பெற்ற தாயே விற்க வந்தாலும் அப்படித்தான்.

டிவியில் இரண்டு விமானங்கள் கடலுக்கு மேலே பக்கத்தில் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தன.

இதே விளையாட்டைத்தான் மகன் செழியன் அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டுக் கடையில் காசு போட்டு ஆடி, அவரிடம் உதை வாங்கினான். இப்போது அவனே சம்பாதிக்கிறான். அதையே பெட்டியாக வாங்கி வேங்கிக்கால் வீட்டு டிவியில் மாட்டிவிட்டான். அவன் ஆடுவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். தினமும் சாயங்காலம் உட்காருவது உண்ணாமலை.

“இந்த வயசுல எந்த தேசத்தடி புடிக்கப் போறே?” என்று அவர் கிண்டல் பண்ணுவார்.

அவள் திரையைப் பார்த்து ஏதோ முணுமுணுப்பாள். ஒருநாள் “பேரீச்சம்பழம் துன்னியா?” என்று விமானத்தைக் கேட்டாள். பைத்தியம் முற்றிவிட்டது என்று அந்தப் பௌர்ணமிக்கு மலையைச் சுற்றி வேண்டிக்கொண்டு வந்தார்.

ஹெட்போன் எதற்கு என்று விசாரிக்காமல் இல்லை. குண்டுச் சத்தம் வெளியே வராமல் இருக்க என்று செழியன் சொல்லியிருந்தான்.

செல்போன் விஷயத்தில்தான் அவர் யாரையும் நம்ப மாட்டார். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் பெண்டாட்டி போன், மகன் போன் இரண்டையும் வாங்கி, யார் யார் கூப்பிட்டார்கள் என்று விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பார். மகள் எழில், செருப்புக் கடை அய்யூப் மகன் ஃபைசானைக் கட்டிக்கொண்டு பெங்களூர் போனதிலிருந்து இந்த வழக்கம். அவள் குரல் இந்த வீட்டுக்குள் கேட்டால் மலையடிவாரத்துச் சாமியார்களோடு தட்டு ஏந்திக்கொண்டு உட்காருவேன் என்று சத்தியம் பண்ணியிருந்தார்.

வாசலில் உண்ணாமலையின் சத்தம் கேட்டது. “போன தபா குடுத்ததுல பாதி காத்துதான்யா இருந்துது!”

மண்ணாங்கட்டி திரையையே பார்த்தார். இரண்டு விமானமும் ஒன்றை ஒன்று சுடவில்லை. அவர் பார்த்த நாளெல்லாம் சுட்டதில்லை.

சண்டை விமானம் எதற்குச் சண்டை போடாமல் போகிறது?

ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டினார்.

குண்டுச் சத்தம் இல்லை.

“…ஆசிரமத்துப் பக்கம் ரூம் எடுத்துட்டோம் மா. வெள்ளக்காரங்க தங்கற எடம், சுத்தமாத்தான் இருக்கு. தலப்பிரசவம் அம்மா ஊர்லதான்னு நான்தான் அடம் புடிச்சேன். இவரும் சரின்னுட்டாரு, கேம் பெட்டியையும் தூக்கினு வந்து இங்க டிவில மாட்டிக் குடுத்துட்டாரு.”

எழில்.

திரும்பிப் பார்த்தார். யாருமில்லை. குரல் வீட்டுக்குள் இருந்தது. வீட்டுக்குள் என்ன, அவர் தலைக்குள்ளேயே இருந்தது.

“வலி வந்தா உன்னை எப்பிடி மா கூப்பிடறது? அந்தாளு போனை நோண்டுவாரு. நீ கேம் போட்டாதானே நான் பேச முடியும். ராத்திரி ஃபுல்லா போட்டுட்டு குந்தினு இருப்பியா?”

அந்தாளு.

கை தானாகக் கன்ட்ரோலரைப் பற்றியது. பிடித்த பிடியில் எது அமுங்கியதோ, விமானத்தின் மூக்கு கவிழ்ந்தது.

“மா, கீழ போற பாரு! தூக்கு! தூக்கு மா!”

எதைத் தூக்குவது? எந்தப் பொத்தான்? கடல் திரை முழுக்க ஏறி வந்தது. அவர் எல்லாவற்றையும் அமுக்கினார்.

காதில் இடி விழுந்தது. திரை சிவந்தது. அப்புறம் பேச்சே இல்லை.

மகளைக் கொன்றுவிட்டேன் என்றுதான் நினைத்தார்.

பிறகு ஒரு சிரிப்பு கேட்டது. “வுழுந்துட்டியா? போனா போவுது, திரும்ப ஏறு. நான் இங்கியே சுத்தினு இருக்கேன்.”

செத்தவனுக்கு மிச்சம் இருப்பவனைக் காட்டுகிற விளையாட்டு போலிருக்கிறது. திரையில் இப்போது மகளின் விமானம் மட்டும் வட்டம் போட்டுக்கொண்டிருந்தது.

உண்ணாமலை உள்ளே வந்தாள். புருஷன் தலையில் ஹெட்போனைப் பார்த்ததும் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒடச்சிடாதீங்க” என்றாள். “உங்க கால்ல வுழறேன், அதை ஒடச்சிடாதீங்க.”

மண்ணாங்கட்டி ஹெட்போனைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். காதிலிருந்து எடுத்துவிட்டால் பேச்சு அந்தப் பக்கம் போகாது என்பது அவர் நினைப்பு; அதில் மைக் இருப்பது தெரியாது.

“தலப்பிரசவத்துக்கு எம் பொண்ணு எவன் எவனோ தங்கற ரூம்ல கெடக்கணுமாடி?” என்று கத்தினார். “இன்னிக்கே காலி பண்ணினு வரச் சொல்லு!”

டிவியில் வட்டம் போட்டுக்கொண்டிருந்த மகளின் விமானம் வட்டத்தை விட்டது. ஓட்டுகிற கை விட்டுவிட்டதுபோல அதன் மூக்கு மெல்லக் கவிழ்ந்தது. கடலைப் பார்த்து இறங்கிக்கொண்டே போனது.

யாரும் அதைத் தூக்கவில்லை.