சோதனை நாடா

அருங்காட்சியகத்தின் பின்னறையில், பீரோ உயரப் பழைய கம்ப்யூட்டர் உறுமிக்கொண்டிருந்தது. அதன் கோளாறைக் கண்டுபிடிக்கும் சோதனை நாடா எங்குமே மிச்சமில்லை என்றுதான் காப்பாளர் நினைத்திருந்தார், ஓர் ஆலையில் இதே ரக மிஷினை ஓட்டி, இறந்துபோன ஓர் ஆபரேட்டரின் மனைவி போன் செய்யும்வரை.

"இங்கேயே ஓட்டிப் பாருங்க. ஆனா நாடாவைத் தரமாட்டேன்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுத்தான் பெட்டியைத் திறந்தாள் அந்த அம்மாள்.

"எங்க மிஷினுக்கு இது ஒண்ணுதாம்மா டாக்டர். ஆலையில எல்லாத்தையும் குப்பையில போட்டுட்டாங்க. நீங்க பொத்திப் பொத்தி வெச்சிருக்கீங்க. உங்க வீட்டுக்காரர் மேல அவ்வளவு பாசமா?"

அவள் நாடாவை எடுத்து நீட்டினாள். நாடா சுழன்று நின்றது. திரையில் ஒரே வரி: பிழை இல்லை.

"ஜெயிச்சுட்டோம்மா!" காப்பாளர் கைதட்டினார்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. "அப்போ தப்பு அவரோடதுதானா?"

"என்னம்மா சொல்றீங்க?"

"ஆலையில உலை வெடிச்சப்போ, மிஷின்தான் சூட்டைக் குறைச்சுக் காட்டுச்சுன்னு தலையில அடிச்சுக்கிட்டார். இந்த நாடாவைப் போட்டா உண்மை தெரியும்னார். ஆலைக்காரங்க போட விடல. தூங்கிட்டார்னு பழி போட்டு அனுப்பிட்டாங்க. அந்த ஏக்கத்துலயே போய்ச் சேர்ந்தார்."

காப்பாளர் தயங்கினார். "அம்மா, எந்த மிஷின்ல போடுறோமோ அதை மட்டும்தான் இது சோதிக்கும். எங்க மிஷின் நல்லா இருக்குன்னு சொல்லுது, அவ்வளவுதான்."

"ஆலை மிஷின்?"

"அப்பவே பழைய இரும்புக்குப் போட்டுட்டாங்க."

அவள் காலிப் பெட்டியை அவர் பக்கம் தள்ளினாள்.

"நாடாவை நீங்களே வெச்சுக்குங்க."