வெளிப்பூட்டு

வெளியே பூட்டுத் தொங்கியது. உள்ளே முத்துக்கிருஷ்ணன் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"தம்பி... ஏலே முத்து!"

வாசலில் நின்றவர் அவனுடைய அண்ணன் தங்கமுத்து. கதவிடுக்கின் வழியே அவருடைய வேட்டியும் இரும்புத்தூள் படிந்த விரல்களும் மட்டும் தெரிந்தன.

"பூட்டிக் கெடக்குல்ல, கண்ணு தெரியலயா?" என்றாள் எதிர்வீட்டுப் பேச்சாயி. "கடன் கேக்க வந்தியாக்கும்? அப்பப் பூட்டத்தேன் செய்வாக."

"விடியட்டும் சொல்றேன்னு ராத்திரி அவந்தான சொன்னான்?"

"விடிஞ்சிருச்சுல்ல? பூட்டு சொல்லுது, கேட்டுக்க."

தங்கமுத்து பூட்டைக் கையில் ஏந்திப் பார்த்தார். நாகல் நகரில் தம் பட்டறையில் அவரே அராவிச் செய்து, தம்பி இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று கொண்டுவந்து மாட்டிய பூட்டு அது. துண்டின் நுனியால் அதன் தூசியைத் துடைத்தார். ஓசைப்படாமல் தொங்கவிட்டுவிட்டு நடந்தார்.

உள்ளே இருந்தவனுக்கு, திட்டிவிட்டுப் போயிருந்தால் தேவலை என்று தோன்றியது.

நண்பகலுக்குள் மூவாயிரம் ரூபாய் கட்டாவிட்டால் பட்டறைச் சாமான்களைக் கடன்காரன் வண்டியில் ஏற்றிவிடுவான். அதற்குப் பின் அண்ணன் வீட்டில் அடுப்பு எரிய வழியில்லை. முத்துக்கிருஷ்ணனின் தகரப்பெட்டியிலும் சரியாக மூவாயிரம்தான் இருந்தது. எரியோட்டில் ஒரு மனைக்கு முன்பணம் கொடுப்பதற்காக ஏழு வருடம் சீட்டுக் கட்டிச் சேர்த்தது. இதற்கு முன் இரண்டு முறை அண்ணனுக்குக் கொடுத்தவை இரண்டும் திரும்பவில்லை.

"நேருக்கு நேரா நின்னு கேட்டாருன்னா என்னால இல்லைன்னு சொல்ல முடியாது புவனேஸ்வரி," என்று அன்று விடிகாலையில் மனைவியிடம் புலம்பியிருந்தான். "இந்தத் தடவ குடுக்கக் கூடாது. மனை போயிரும்."

"அப்ப நேருக்கு நேரா நிக்கவே வேணாம்," என்றாள் அவள். "ரேஷன் கடைல இன்னிக்குச் சீனி போடுறாக, நான் போறேன். ஒங்கள உள்ள வச்சு வெளிய பூட்டிட்டுப் போறேன். நான் வந்து தெறக்கற வரைக்கும் ஒரு இருமல் சத்தங்கூட வரப்படாது."

மஞ்சப்பையைச் சுருட்டி இடுக்கிக்கொண்டு அவள் சாவியைத் திருப்பியபோது மணி எட்டரை. எவ்வளவு கெட்டிக்காரி என்று அப்போது அவனுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பத்து மணிக்கு ஓடு காய்ந்தது. ஒரே அறை, ஒரே வாசல். கழிப்பிடம் வரிசை வீடுகளின் கடைசியில். தண்ணீர் குடிக்கலாமென்று எழுந்தவன் கால் பட்டுச் செம்பு உருண்டது.

"பூனை புகுந்துருச்சு போல," என்றாள் வெளியே பேச்சாயி. பூனையாகிவிட்டவன் அப்படியே நின்றான்.

நிமிர்ந்த கண்ணில் சுவர் பட்டது. 1986ஆம் ஆண்டுத் தினக்காலண்டரின் பின்னால், எப்போதும் செருகியிருக்கும் இடத்தில், ரேஷன் கார்டு இருந்தது. மறந்துவிட்டாளே! கார்டுக்காகப் பாதி வழியில் திரும்பி வருவாள். அந்த நேரம் பார்த்து அண்ணனும் வந்து நின்றால்? அந்தப் பயத்தில் ஒரு மணி நேரம் கரைந்தது. அவளும் வரவில்லை, அவரும் வரவில்லை.

பதினொன்றரைக்கு அந்தப் பயம் போய் வேறொன்று வந்தது. பூட்டைத் துடைத்த அந்தக் கை கண்ணைவிட்டு அகலவில்லை. மனை அடுத்த வருடமும் கிடைக்கும். பட்டறை போனால் அண்ணன் எந்த வேலைக்குப் போவார்? கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தான்.

ஆனால் எப்படிக் கொடுப்பது? கதவைத் தட்டிக் கூப்பிட்டால் ஒளிந்திருந்தது தெருவுக்கே தெரிந்துவிடும். மானம் போனால் போகட்டும், பேச்சாயியைக் கூப்பிட்டுப் பணத்தைக் கதவிடுக்கின் வழியே கொடுத்தனுப்பலாம் என்று பெட்டியைத் திறந்தான். துணிகளை வாரி வெளியே போட்டான். பணம் இல்லை.

தன் மனம் இளகும் என்று தெரிந்துதான் அவள் பணத்தையும் எடுத்துப் போயிருக்கிறாள்! பாவி, எவ்வளவு கல் மனம் இவளுக்கு!

மில்லில் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியது. இந்நேரம் வண்டி புறப்பட்டிருக்கும். துணிக் குவியலின் நடுவே அவன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான்.

வெகுநேரம் கழித்துப் பூட்டுக்குள் சாவி திரும்பியது. கதவு திறந்தது. நின்றவர் தங்கமுத்து.

"அண்ணே... கள்ளச்சாவியா?"

"செருப்பு பிஞ்சுரும். நான் போட்ட பூட்டுக்கு நானே கள்ளச்சாவி போடுவேனாலே?" அவர் நீட்டிய கையில் புவனேஸ்வரியின் ஊக்கும், அதில் கோத்த சாவியும் இருந்தன.

"பட்டறை?"

"பொழச்சிருச்சு. நான் இங்க வந்து கதவத் தட்டுன நேரம், ஒம்பொண்டாட்டி அங்க மஞ்சப்பையோட பட்டறை வாசல்ல நின்னுருக்கு. வண்டிய வெறும் வண்டியாத் திருப்பி அனுப்பிட்டு இப்ப ஒங்க மதினிகூடச் சாப்பிட்டுக்கிட்டு இருக்கு."

முத்துக்கிருஷ்ணன் துணிக் குவியலைத் தள்ளிவிட்டு எழுந்தான். "அப்ப என்னைய எதுக்கு உள்ள வச்சுப் பூட்டுனா?"

கலைந்து கிடந்த பெட்டியையும் தம்பியையும் தங்கமுத்து மாறி மாறிப் பார்த்தார்.

"நீ குறுக்க வந்துருவேன்னுதேன்."